காலயந்திரத்தின் சாவி

‘டாக்டர் ஹூ’ தொடரில் காலயந்திரம் கிளம்பும்போது ஒரு சத்தம் வருமே, அதற்கு எந்த ராக்கெட்டைப் பிடித்து வந்தார்கள்?

ராக்கெட் எதற்கு? வீட்டுச் சாவி போதாதா! 1963-ல் பிபிசி ஒலிக்கூடத்தில் பிரையன் ஹாட்ஜ்சன், பழைய பியானோவின் கம்பிகள் மேல் சாவியைக் கரகரவென்று இழுத்துப் பதிவு செய்தார். கிளம்பிவிட்டது காலயந்திரம்!

அதே கூடத்தில் டீலியா டெர்பிஷயர் செய்தது இன்னும் பெரிய வேலை. ரான் கிரெய்னர் எழுதிக் கொடுத்த முகப்பிசையை, சின்தசைசர் புழக்கத்துக்கு வராத அந்த நாளில், ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிந்து, டேப்பை வெட்டி ஒட்டியே உருவாக்கினார். ‘இவர் பெயரையும் சேருங்கள்’ என்று கிரெய்னரே கேட்டார். நிர்வாகம் இடம் தரவில்லை. என்ன அநியாயம்! டீலியாவின் பெயர் திரையில் வந்தது 2013-ல், தொடரின் 50-வது ஆண்டுச் சிறப்புப் படத்தில். அவர் இறந்தது 2001-ல்.