காலியாக வைத்திருக்கும் கலை

தமிழ்நாட்டு அரசுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். இது அபாண்டம். ஆள் எடுப்பது, அலுவலகம் கட்டுவது, கணினி வாங்குவது ஆகிய மூன்றிலும் கால் நூற்றாண்டாக, கட்சி பேதமில்லாமல், ஒரே திட்டம் தடங்கலின்றி நடந்துவருகிறது. அது வெளியே தெரியாததற்குக் காரணம், எந்த அறிக்கையிலும் அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதுதான்.

ஆள் கணக்கை முதலில் பார்ப்போம். அரசு வேலையில் ஒருவர் சேர்ந்த உடனேயே அவருடைய பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி ஏறிவிடுகிறது. அதை மாற்றுவது எவ்வளவு பெரிய பாடு என்பது மாற்றப் போனவர்களுக்குத் தெரியும். ஆக, எந்த ஆண்டு, எந்த மாதத்தின் கடைசி நாளில் அவர் கழுத்தில் மாலையோடு வீட்டுக்குப் போவார் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. இதற்கு ஜோசியர் வேண்டாம், கூட்டல் தெரிந்த ஒரு இளநிலை உதவியாளர் போதும். நாளைக்கு யார் ராஜினாமாக் கடிதம் நீட்டுவாரோ என்று பயந்துகொண்டிருக்கும் தனியார் முதலாளிகள் இப்படி ஒரு வசதிக்கு ஏங்கிக் கிடக்கிறார்கள்.

இவ்வளவு வசதி இருந்தும், ஊழியர் ஓய்வு பெறுவது இங்கே ஆண்டுதோறும் எதிர்பாராத விபத்தாகவே நடக்கிறது. நாற்காலி காலியான பிறகுதான் கோப்பு பிறக்கிறது. அந்தக் கோப்பு துறைத் தலைவரிடமிருந்து செயலகத்துக்குப் போய், நிதித்துறையில் படுத்து, இரண்டு விளக்கம் கேட்கப்பட்டுத் திரும்பி வருவதற்குள், பக்கத்து நாற்காலிக்காரரும் மாலை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மிச்சமிருப்பவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’.

இந்தக் கூடுதல் பொறுப்பு இருக்கிறதே, அது நம் நிர்வாகத்தின் ஒப்பற்ற கண்டுபிடிப்பு. ஒரே கிராம நிர்வாக அலுவலர் இரண்டு, மூன்று கிராமங்களைப் பார்ப்பார். மகனின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் கேட்டு அப்பா இந்த ஊருக்கு வந்தால், ‘சார் இன்னைக்கு அந்த ஊர்ல’ என்பார்கள். அந்த ஊருக்குப் போனால் ‘இப்பத்தான் தாலுகா ஆபீஸ் கிளம்பினாரு’ என்பார்கள். அப்பாவுக்கு ஒருநாள் கூலி போயிற்று. அரசுக்கோ ஒரு சம்பளம் மிச்சம். பஸ் கட்டணம், போன கூலி, வெயிலில் நின்ற நேரம் எல்லாவற்றையும் கூட்டினால், அந்தக் காலியிடத்துக்கான சம்பளத்தைக் கொடுப்பது யார் என்பது விளங்கும். பட்ஜெட்டில் வராத செலவு அது, கூலிக்காரர் சட்டைப்பையிலிருந்து போகிறது.

இந்தக் கலை ஒரே நாளில் கைவந்ததல்ல. 2001 நவம்பரில் அரசாணை 212 வந்தது: காவலர், மருத்துவர், ஆசிரியர் போன்ற சில பணிகள் நீங்கலாக ஆள் எடுக்கத் தடை. அது 2006 வரை நீடித்தது. இடையில், 2003 ஏப்ரல் 1 முதல் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்தார்கள். ஒரு கையெழுத்தில் இத்தனை காலியிடங்களை உண்டாக்கிய சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் பெரும்பாலோர் வேலையைத் திரும்பப் பெற்றார்கள்.

பிறகு குழுக்களின் காலம். 2018 பிப்ரவரியில் அரசாணை 56, ஆதிசேஷையா தலைமையில் பணியாளர் சீரமைப்புக் குழு. 2022 அக்டோபரில் அரசாணை 115, பரூக்கி தலைமையில் மனிதவளச் சீர்திருத்தக் குழு. முதலாவதை அமைத்தது ஒரு கட்சியின் ஆட்சி, இரண்டாவதை அமைத்தது அதை எதிர்த்துப் பேசிய கட்சியின் ஆட்சி. எந்த இடம் தேவையில்லை, எதை வெளியாளுக்கு விடலாம் என்பதுதான் இரண்டுக்குமான கவலை. இரண்டாவது குழுவை எதிர்த்து ஊழியர் சங்கங்கள் கொதித்தெழுந்ததும் அதன் ஆய்வு வரம்புகளைத் திரும்பப் பெற்றார்கள். இதற்கிடையே 2021இல் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, மனிதவள மேலாண்மைத் துறை ஆயிற்று. பெயர்ப்பலகை எழுதியவருக்கு அன்றைக்கு வேலை கிடைத்தது.

எல்லாவற்றிலும் நேர்த்தியானது ஓய்வு வயது வித்தை. 2020 மே மாதம் 58 வயது 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 59 வயது 60 ஆனது. பணிக்கொடை முதலிய பலன்களைக் கொடுக்கும் நாள் இரண்டு ஆண்டு தள்ளிப்போயிற்று. கஜானா பெருமூச்சு விட்டது. வெளியே வரிசையில் நின்ற இளைஞர்களுக்கு? 2021இல் தேர்வுக்கான வயது வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்தினார்கள். உள்ளே இருப்பவருக்கு உட்கார இரண்டு ஆண்டு, வெளியே இருப்பவருக்கு நிற்க இரண்டு ஆண்டு. சமூகநீதி இதைவிடச் சமமாக இருக்க முடியுமா?

அந்த வரிசையின் நீளம் எவ்வளவு? 2022 குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஜூலையில் எழுதிய பரீட்சைக்கு மார்ச்சில் முடிவு வந்தது. 2025இல் 3,935 இடங்களுக்கு ஏறத்தாழ 13.9 லட்சம் பேர். பத்தாம் வகுப்பு போதும் என்ற வேலைக்குப் பொறியியல் பட்டதாரியும் முனைவர் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கிறார்கள். 2024 தேர்வைக் கவனியுங்கள். அறிவிப்பில் 6,244 இடம். தேர்வு முடிந்தபின் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் 9,491. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நாற்காலிகள் அறிவிப்பு வந்த அன்று எங்கே ஒளிந்திருந்தன? கூடியது நல்லதுதானே என்று தேர்வர்கள் சந்தோஷப்பட்டார்கள். நியாயம். ஆனால் ஆறாயிரமா, ஒன்பதாயிரமா என்றே தெரியாமல் ஆள் எடுக்கக் கிளம்பியவர்கள், கல்யாணப் பந்திக்கு இலை எண்ணும் சமையல்காரரைக் கூட்டிவந்து கணக்குக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

நிரந்தர ஆள் இல்லாவிட்டால் வேலை நிற்குமா? நிற்காது. அதற்குத்தான் தொகுப்பூதியம். 2012இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பகுதிநேரம் என்ற பெயரிலேயே பத்தாண்டுகளைத் தாண்டி வேலை பார்த்தார்கள். 2015இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய், இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் என்று வாக்கு. அந்த வாக்கைக் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தரையில் உட்கார வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் சென்னையின் தூய்மைப் பணியாளர்கள், இரண்டு மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் கிடந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. குப்பை அள்ள ஆள் வைத்துக்கொள்ள மனமில்லாத அரசிடம், குப்பை அள்ளியவர்களை அள்ள மட்டும் ஆளும் வண்டியும் தயாராக இருந்தன. இதுவும் ஆள் திட்டமிடல்தான்.

அடுத்தது இடம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பதினேழாம் நூற்றாண்டில் தன் வியாபாரத்துக்குக் கட்டிய கோட்டையில்தான் இன்னமும் நம் தலைமைச் செயலகம். நெருக்கடி உண்மை. எனவே 2003இல், சென்னையின் முதல் பெண்கள் கல்லூரியான ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டு அங்கே செயலகம் கட்டலாம் என்றார்கள். கல்லூரிப் பெண்கள் கேட்டைப் பூட்டி உட்கார்ந்து அதைத் தடுத்தார்கள். உடனே கோட்டூர்புரம், அடிக்கல் நாட்டு விழா. கல்லுக்கு மேல் ஒன்றும் எழும்பவில்லை.

அடுத்து வந்தவர்கள் ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டினார்கள். 2010 மார்ச் 13 அன்று பிரதமரை அழைத்துத் திறந்தார்கள். கூரைக் கோபுரம் முடியவில்லையாம், அதனால் சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகமாக ஒரு செட் போட்டார்கள். அரசாங்கத்தை சினிமாக்காரர்களே நடத்திவந்த மாநிலத்தில் இது பொருத்தம்தான். 2011இல் ஆட்சி மாறியது, கோப்புகள் மூட்டை கட்டிக்கொண்டு கோட்டைக்கே திரும்பின. சட்டமன்றத்துக்காகக் கட்டிய கட்டடம் 2014இல் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அதே வேகத்தில், கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் குழந்தைகள் மருத்துவமனையாக்க 2011 நவம்பரில் முடிவெடுத்தார்கள். நீதிமன்றம் குறுக்கே வந்ததால் நூலகம் பிழைத்தது. குரூப் 4 எழுதப்போகும் பிள்ளைகள் சோற்றுமூட்டையோடு போய் உட்கார்ந்து படிக்கும் நூலகம் அது. வேலை கொடுக்காதவர்கள் வேலைக்குப் படிக்கும் நாற்காலியையும் பிடுங்கப் பார்த்தார்கள்.

கடைசியாகக் கணினி. 1999இல் தமிழ் இணைய மாநாடு நடத்தி, இனி தமிழ்99 விசைப்பலகையே தரம் என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல், அரசின் தட்டச்சுத் தேர்வு இரும்பு மெஷினில், பழைய தட்டச்சு வரிசையில் நடந்தது. கோத்ரெஜ் கம்பெனி தட்டச்சுப் பொறி செய்வதையே விட்டுவிட்டது, அரசு விடவில்லை. விருத்தாசலத்துப் பெண் ஒருத்தி இன்ஸ்டிடியூட்டில் பணம் கட்டி, விரல் நோக மெஷினில் பழகி, ஹையர் பாஸ் செய்து, கூடவே கணினிச் சான்றிதழும் வாங்கி வேலைக்கு வந்தால், மேசைமேல் அவள் பழகிய மெஷின் இருக்காது. 2010இல் யுனிகோடுதான் அரசின் குறியீடு என்று ஆணையிட்டார்கள். ஆண்டுகள் போயும், பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கிரந்தமா ஜப்பானியமா என்று தெரியாமல் விழித்தார்கள்.

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் நவீனத் தொழில்நுட்பம் நுழைந்த கதையும் உண்டு. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் மறைந்துபோகும் மையால் விடை குறித்தார்கள், பிறகு சரியான விடைகள் வந்து உட்கார்ந்தன. 99 பேருக்கு வாழ்நாள் தடை.

ஆனாலும் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார்கள், மறுக்கக் கூடாது. ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் என்று, ஏறத்தாழ 289 கோடி ரூபாயில் ஒரு மென்பொருள். லட்சக்கணக்கான ஊழியர்களின் பணிப்பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் அதற்குள். பிறந்த தேதியும் அதற்குள்.

ஆகவே இனி எந்தக் குழுவும் வேண்டாம், ஆறு மாத அவகாசமும் வேண்டாம். நம் வரியில் வாங்கிய அந்த மென்பொருளில் ஒரு அறிக்கை எடுங்கள். ஒவ்வொரு துறையிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, தொகுப்பூதியத்தில் ஓடுவது எத்தனை, வரும் ஐந்து ஆண்டுகளில் எந்த மாதம் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள். நான்கே நான்கு எண்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி அதை இணையத்தில் போடட்டும், தாலுகா அலுவலகச் சுவரிலும் ஒட்டட்டும். போட மாட்டார்கள். போட்டால், நாற்காலி தானாகக் காலியாகவில்லை, காலியாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த முறை உங்கள் தெருவுக்குக் கும்பிட்ட கையோடு வருபவரிடம் சாலை, தண்ணீர், விளக்கு கேட்பதற்கு முன்னால் இந்தப் பட்டியலைக் கேளுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கேளுங்கள்.