நிழல் கண்ட இடத்தில் பிரேக்

சிக்னலில் நிறுத்தக் கோடு ஓரிடத்தில் இருக்கும். அதற்கு நாற்பதடி பின்னால், வேப்பமரத்தடியில், இன்ஜினை அணைத்துவிட்டு, இடது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரைத்தான் சொல்கிறேன். அவருக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் தாராளமாக நிற்கலாம். ஆனால் நிற்காது. அந்த பஸ் அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்து, முன்னால் காலியாகக் கிடக்கும் தார்ச்சாலையைக் கண்ணாலேயே காட்டி, "அங்க வெயிலுண்ணே" என்பார். டிரைவருக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்காது.

பங்குனி பாதியில் தலைகாட்டி ஆவணி வரை நடமாடுகிற இனம் இது. மற்ற மாதங்களில் அவரும் நம்மைப் போல ஒழுங்கானவர்தான். கோட்டைத் தாண்டி, நடந்து போகிறவர்களுக்காகப் போட்ட வெள்ளைப் பட்டையில் முன்சக்கரத்தை ஏற்றி வைத்து, பச்சை விழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். வெயில் வந்தால்தான் இந்த மாற்றம்.

எங்கள் திருச்சியில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் மிக அருகில் கவனித்த ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இரண்டாவது மாடியில்... வேண்டாம், பொதுவாகவே சொல்கிறேன். பெயர் கெட்டுப்போகக் கூடாது.

நிழல்காரரிடம் வழி கேட்டுப் பாருங்கள். தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார், மரத்தில் சொல்வார். பாலக்கரையிலிருந்து மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் போகவேண்டும் என்றால், நேர்வழியை விட்டுவிட்டு கண்டோன்மென்ட்டைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வார். "பெட்ரோல் கொஞ்சம் கூட ஆகும், மண்டை காயாது." புத்தூர் நால்ரோடு பக்கம் போகிற வேலையை மாலை ஐந்துக்கு மேல்தான் வைத்துக்கொள்வார். காவிரிப் பாலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுருங்கிவிடும். அவ்வளவு நீளம், ஒரு இலை நிழல் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் பெண் எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று ஒருமுறை சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிழலில் தரம் பிரிப்பதைக் கேட்கவேண்டும். வேம்பு முதல் தரம். நிழலும் உண்டு, காற்றும் உண்டு. புங்கன் அடர்த்தி, ஆனால் கிளை தாழ்வு, ஹெல்மெட் இடிக்கும். அரசமரத்தடி நல்லதுதான், பிள்ளையார் இருப்பார், இஞ்சினை அணைத்துவிட்டுச் செருப்போடு நிற்பது ஒரு மாதிரி இருக்கும். குல்மோகர் வெறும் அழகு, நிழல் சல்லடை. கட்டட நிழல் மத்தியானத்துக்கு மேல் ஆகாது, சுவர் அனலைக் கக்கும். மேம்பாலத்துக்கு அடியில் நிழல் சரி, புகை சேர்ந்துவிடும். அரசியல் தட்டிகளின் நிழலை அவர் கட்சி வேறுபாடு பார்க்காமல் பயன்படுத்துவார். 2024 கோடையில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள் அல்லவா? அன்றைக்கு அலுவலகத்தில் இனிப்பு கொடுக்காத குறை. தன் முப்பதாண்டுக் கோரிக்கை நிறைவேறிவிட்டது என்ற தோரணை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வலை நிழல் வலை நிழல்தான் சார், வேம்பு ஆகுமா?" என்றார்.

வானசாஸ்திரம் வேறு தெரியும். திருச்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் 18, 19 வாக்கில். அன்றைக்கு நண்பகல் பன்னிரண்டேகாலுக்கு நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது, காலடியில் ஒடுங்கிவிடும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் இதைக் கொண்டாடுகிறார்கள். நிழல்காரருக்கு அது துக்கநாள். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை இருக்கையை விட்டு எழவே மாட்டார். அதற்கப்புறம் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும், ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நடுமத்தியான நிழல் தெற்கே விழும். இதை நமக்குச் சொல்லித் தருவார். ஏன் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

சிக்னலுக்கே வருகிறேன். நிழலில் நின்றவர் சும்மா நிற்பாரா? ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்கின் மேல் வைப்பார். கர்ச்சீப்பை எடுத்துப் பிடரியைத் துடைப்பார். அதை உதறி, மடித்து, மறுபடி தலையில் கட்டுவார். கண்ணாடியைச் சட்டை நுனியில் தேய்ப்பார். இத்தனையும் முடிகிற நேரத்தில் பச்சை விழும். இனி ஹெல்மெட்டை மாட்டவேண்டும், வண்டியைக் கிளப்பவேண்டும், நாற்பதடி வெயிலைக் கடக்கவேண்டும். கோட்டுக்கு வந்து சேரும்போது மறுபடி சிவப்பு. இப்போது மரமும் இல்லை. நடு வெயிலில், முதல் வரிசையில், தொண்ணூறு விநாடி. அப்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். ஊரே சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி நிற்பார்.

சிரிக்கிற விஷயம் இதுவரை. அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு மரமும் கிடையாது, பச்சையும் கிடைக்கவில்லை. முதுகில் சதுரப்பையை மாட்டிக்கொண்டு சாப்பாடு கொண்டுபோகிற பையன், பெட்ரோல் டேங்க்கில் குழந்தையை உட்காரவைத்திருக்கிற தகப்பன், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ எல்லாம் அவருடைய வேப்பமரத்துக்காக இன்னொரு சுற்று வேகவேண்டும். மரத்தடி வளைவில் ஒருவர் அசையாமல் நிற்பார் என்று பின்னால் வேகமாக வருகிற எவனும் எதிர்பார்ப்பதில்லை. வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்குள் வரும் கண்ணுக்கு ஒரு நொடி எதுவும் தெரியாது. கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இவருடைய பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி வருடத்தில் எத்தனை தடவை உடைகிறது என்று அவருடைய மெக்கானிக்கைக் கேளுங்கள்.

இதைவிட மோசம் ஓடுகிற நிழல். நெடுஞ்சாலையில் மரம் இருக்காது. நான்குவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்து வருடங்கள் ஆயிற்று. அதனால் லாரியைப் பிடித்துக்கொள்வார். காலையில் லாரியின் மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம், அதன் உடம்போடு ஒட்டிக்கொண்டு போவார். துவாக்குடியிலிருந்து திருச்சி வரை வைக்கோல் லாரி நிழலிலேயே குளுகுளுவென்று வந்ததைப் பெருமையாகச் சொன்னார். லாரியோட்டியின் கண்ணாடியில் தெரியாத இடம் ஒன்று உண்டென்றால் அது சரியாக அங்கேதான். லாரி லேசாக ஒடித்தால் போதும், நிரந்தரமாகவே குளிர்ந்துவிடலாம். சொன்னால், "வெயில்ல மயங்கி விழுறதுக்கு இது பரவாயில்ல சார்" என்கிறார்.

மயங்காமல் இருக்க வேறு என்ன செய்கிறார் என்று பார்த்தால், ஒன்றுமே செய்வதில்லை. அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு. தண்ணீர் பாட்டில் கிடையாது. நிழல் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்பது அவர் கட்சி. தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அதற்குமேல் காய்ந்த காற்று அடித்தால், வேகமாகப் போகப் போக உடம்பில் சூடுதான் ஏறும். வியர்வை உலர்வது ஒன்றுதான் காப்பாற்றும், அந்த வியர்வைக்குத் தண்ணீர் வேண்டும், கொஞ்சம் உப்பும் வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு போகிற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்குத் தெரிந்த இந்த உண்மை இவருக்குத் தெரியாது. வாட்ஸப்பில் வருவது மட்டும் தெரியும். ஃபுல் டேங்க் போட்டால் வெயிலில் வெடிக்கும் என்று இந்தியன் ஆயில் பெயரில் கோடைதோறும் ஒரு செய்தி சுற்றும். அந்த நிறுவனமே மறுத்தும் இவர் அரை டேங்க்குக்கு மேல் போடுவதில்லை. சூட்டில் டயர் வெடிக்குமாம், காற்றைக் குறைத்தே வைப்பார். காற்று குறைந்த டயர்தான் அதிகம் நெளிந்து அதிகம் சூடேறும் என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் 1000 ரூபாய் ஆனதிலிருந்து அதை மட்டும் விடுவதில்லை, வாரை மட்டும் மாட்டுவதில்லை. "காத்து போகணும்ல?"

இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம். வண்டி நிறுத்தும் இடம்தான் என்னைப் படுத்துகிறது.

எங்கள் அலுவலக வளாகத்தில் மரம் ஒன்றே ஒன்று, புங்கன். அதன் நிழலில் ஏழெட்டு வண்டி நிற்கலாம். வேலை ஒன்பதரைக்கு, இவர் எட்டேமுக்காலுக்கே வந்து, கல்யாணப் பந்தியில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர் போலப் பிடித்துவிடுவார். அதோடு முடிந்ததா? நிழல் நகருமே, அதோடு அவரும் நகர்வார். பத்தரைக்கு ஒருமுறை இறங்குவார், பன்னிரண்டுக்கு ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை. கேட்டால் டீ என்பார். அப்படி நகர்த்தும்போது நடுவில் நிற்கிற வண்டிகள் தடையாக இருக்கும். பூட்டாத வண்டியாக இருந்தால் அலாக்காகத் தூக்கி வெயிலில் வைத்துவிடுவார். என் ஸ்கூட்டரில் ஹேண்டில் பூட்டு பழுது.

ஒரு மே மாத மதியம் சாப்பிடப் போகலாம் என்று இறங்கினால், என் வண்டி வடக்குச் சுவரோரம் தகித்துக்கொண்டிருந்தது. என் இடத்தில் அவருடைய வண்டி, கண்ணாடியில் வேப்பிலை வேறு செருகியிருக்கிறது. சீட்டில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். பிரேக் பிடியைத் தொட முடியவில்லை. கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுக்குள் கைவிட்டால் அடுப்பு. மேலே போய்க் கேட்டேன். "உங்க சீட்டு சாம்பல் கலரு சார், அவ்வளவா சூடு ஏறாது. என்னுது கறுப்பு" என்றார். அறிவியல்படி சரிதான், கறுப்புதான் அதிகம் சூடேறும். அதனால் அவர் செய்தது நியாயமாகிவிடுமா? நடுமத்தியானத்தில் நிழல் தெற்கே விழும் என்று எனக்குப் பாடம் நடத்திய மனிதர்தான் என் வண்டியை வடக்கே தள்ளிவைத்திருக்கிறார். தெரிந்தே செய்திருக்கிறார்.

கோபத்தில் எழுதினாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நிழலைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. வானிலை மையம் 40 டிகிரி என்று சொன்னால், அது திறந்த வெளியில் எடுத்த கணக்கு இல்லை. காற்று புகுந்து போகும் வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில், நிழலில் எடுத்த கணக்கு. "அது நிழலோட ஜாதகம் சார். தார்ரோட்டுல நிக்கிறவனுக்கு எந்தப் பேப்பர்ல போடுறான்?" என்று இவர் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செய்தியைப் படித்துவிட்டு, "இப்பதான் கண்டுபிடிச்சாங்களா?" என்றவர் அவர் ஒருவர்தான். மின்கம்பியில் உரசுகிறது என்று புங்கன் கிளையை வெட்ட ஆள் வந்தபோது, பெரிய அதிகாரிகள் எல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசியில் உட்கார்ந்திருக்க, இவர்தான் கீழே ஓடினார். அரிவாள்காரரைக் கெஞ்சி, டீ வாங்கிக் கொடுத்து, தெற்குக் கிளையை மட்டும் காப்பாற்றினார். அந்தக் கிளையின் நிழலில் இன்றைக்கு நாலு வண்டி நிற்கிறது. அதில் ஒன்று என்னுடையதாக இருந்திருக்கலாம்.

அய்யா, நிழலில் நிற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நிற்பதென்றால் சாலையைவிட்டு ஓரமாக ஒதுங்கி, தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்து, ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். நடுச்சாலையில் வேண்டாம், பின்னால் ஜனம் வேகிறது. லாரி நிழல் அறவே வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வண்டியைத் தொடாதீர்கள். தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், தள்ளி வைத்தபிறகு சீட்டின் மேல் ஒரு ஈரத்துணியாவது போட்டுவிட்டுப் போங்கள்.