மதகை அடைக்கும் மாத்திரை

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய் என்று டொனெபெசில் எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். இது மூளைக்கு டானிக்கா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: டானிக் இல்லை, மதகடைப்பு. ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லிடம் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் துப்புகிறது. சொல்லி முடித்ததும் அதைத் துடைத்தெறிய அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்றொரு நொதி காத்திருக்கிறது. மகா வேகம்! அதன் ஒரே மூலக்கூறு நொடிக்கு ஏறக்குறைய 25,000 அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துப் போட்டுவிடும். அல்ஸைமர் என்ற மறதி நோயில் சேதி அனுப்பும் செல்களே ஒவ்வொன்றாகச் சாகின்றன. வரத்து குறைந்த ஏரியில் மதகைப் பாதி அடைத்தால், இருக்கிற தண்ணீர் இன்னும் கொஞ்சம் நாள் நிற்குமல்லவா? மாத்திரை அந்த நொதியைத் தடுத்துச் செய்வது அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் குணமாகாதா?
(வாசகர், வேலூர்)

பதில்: ஆகாது. வாய்க்காலைத் தூர்வார இந்த மாத்திரைக்குத் தெரியாது. ஆய்வுகளில் 70 மதிப்பெண் கொண்ட ஞாபகச் சோதனையில் சராசரியாக இரண்டு, மூன்று மதிப்பெண் வித்தியாசம் காட்டியது. சிலருக்கு அதுவும் இல்லை. சிலருக்கு, சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்ளும் காலம் கொஞ்சம் நீளும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரைக் கேளுங்கள், அந்தப் பட்டனின் விலை தெரியும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். செமஸ்டருக்கு முன்னால் இதைப் போட்டுக்கொண்டால் ஞாபகசக்தி கூடுமா?
(வாசகர், கோவை)

பதில்: நிரம்பிய ஏரிக்கு மதகை ஏன் அடைக்கிறீர்கள்? குமட்டலும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும். ஹால் டிக்கெட்டோடு கழிவறையில் உட்கார வேண்டியிருக்கும்.

கேள்வி: இந்த மாத்திரையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
(வாசகி, காரைக்குடி)

பதில்: ஜப்பானின் ஐசாய் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹச்சிரோ சுகிமோட்டோவும் அவர் குழுவும். பெற்ற தாய்க்கே மறதி நோய். பார்க்கப் போன மகனிடம் யாரென்று கேட்டிருக்கிறார். ஹச்சிரோ என்று சொன்னதற்கு, எனக்கும் அதே பெயரில் ஒரு மகன் உண்டு என்றாராம் அந்த அம்மாள். 1996-ல் அமெரிக்காவும் 1999-ல் ஜப்பானும் மருந்துக்கு அனுமதி தந்தன.

கேள்வி: வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் இதே நொதியைத்தான் தாக்குமாமே?
(விவசாயி, மன்னார்குடி)

பதில்: உண்மைதான். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் எல்லாம் இந்த வேலைதான் செய்கின்றன. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ கும்பல் பரப்பிய சாரினும் அப்படியே. அது மதகைப் பாதி அடைப்பதில்லை, சுவரே எழுப்பிவிடும். உடம்பெங்கும் அசிட்டைல்கோலின் பெருகி, வாயில் நுரை தள்ளி மூச்சு நிற்கும். டொனெபெசில் நொதியைப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். இந்த நொதியைத் தடுக்கும் குடும்பத்தின் கொள்ளுப்பாட்டி நைஜீரியாவின் கலபார் அவரை. அந்தக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-ல் அதைத் தானே தின்று பார்த்தார். உயிர் பிழைத்தார். விஞ்ஞானத்தில் இப்படியும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்!

கேள்வி: மாத்திரை ஆரம்பித்த பிறகு அம்மாவுக்கு அடிக்கடி சிறுநீர். அதற்கு இன்னொரு டாக்டரிடம் போய் ஆக்ஸிபியூட்டினின் வாங்கினோம். இப்போது மறதி கூடிவிட்டது. ஏன்?
(வாசகி, தாம்பரம்)

பதில்: ஒருவர் மதகை அடைக்கிறார், இன்னொருவர் கரையை வெட்டுகிறார். ஆக்ஸிபியூட்டினின் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. சிறுநீர்த் தொல்லையே முதல் மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம். ஜலதோஷத்துக்கு நாமே கடையில் வாங்கும் குளோர்பெனிரமினும் இதே கட்சி. டொனெபெசில் சாப்பிடுபவருக்குத் தலைசுற்றல், நாடி மெதுவாவது, மயங்கி விழுவது இருந்தால் உடனே சொல்ல வேண்டும். கெட்ட கனவு என்றால் ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். என்னைக் கேட்டால், பல வீடுகளில் புது மருந்தைவிட இந்தப் பைதான் உபயோகம்.

கேள்வி: நோயின் வேரையே வெட்டும் நொதித் தடுப்பான் கிடையாதா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முயன்றார்கள், பணத்தைக் கொட்டினார்கள். மூளையில் படியும் அமிலாய்டை வெட்டித் தயாரிக்கும் கத்தரிக்கோல்களும் நொதிகள்தான். ஒரு கத்தரிக்கோலைப் பிடித்த செமகாசெஸ்டாட் 2010-ல் நிறுத்தப்பட்டது. சாப்பிட்டவர்களின் ஞாபகம் இன்னும் மோசமானது, தோல் புற்றுநோயும் அதிகம் வந்தது. இன்னொன்றைப் பிடித்த வெருபெசெஸ்டாட் அமிலாய்டைக் குறைத்தது, மறதியைக் குறைக்கவில்லை. அந்தக் கத்தரிக்கோல்களுக்கு உடம்பில் வேறு வேலைகளும் இருக்கின்றன என்பது கையைச் சுட்ட பிறகு உறைத்தது.

கேள்வி: வல்லாரை?
(வாசகி, திருவண்ணாமலை)

பதில்: துவையல் பிரமாதம். மாத்திரைக்குப் பதில் அல்ல.

கேள்வி: மாமியாருக்கு நோய் முற்றிவிட்டது. இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்திவிடலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: நீங்களாக வேண்டாம். 2012-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நடுத்தர, முற்றிய நிலை நோயாளிகளில் மாத்திரையை நிறுத்தியவர்களைவிடத் தொடர்ந்தவர்கள் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். நிறுத்தியே ஆக வேண்டிய கட்டமும் வரும். அதை டாக்டர் சொல்லட்டும். கூடப் போகிறவர், மாமியாரோடு அதிகம் இருப்பவராக இருக்கட்டும்.