ஆதிப் பதிப்பைத் தேடி

கேள்வி: லினக்ஸின் முதல் பதிப்பு இன்று கிடைக்குமா? அதைப் பாதுகாப்பதால் என்ன பிரயோஜனம்?

பதில்: பேஷாகக் கிடைக்கும். 1991 செப்டம்பரில் ஹெல்சிங்கி மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இணையத்தில் ஏற்றிய 0.01 என்னும் அப்பதிப்பு, சுமார் 10,000 வரிகளே கொண்டு, மினிக்ஸ் இயங்குதளம் என்னும் அண்டை வீட்டு அடுப்பில்தான் சமைத்தாக வேண்டுமென்ற நிலையில் பிறந்த சிசுவாயினும், கெர்னல் (இயங்குதளத்தின் கரு) காப்பகத்தில் இன்றும் க்ஷேமமாயிருக்கிறது. தகப்பன் உத்தேசித்த பெயர் ஃப்ரீக்ஸ். சர்வரைப் பராமரித்த நண்பரோ கோப்புறைக்கு லினக்ஸ் என்று நாமகரணம் செய்துவிட்டார்! (தகப்பனைக் கேட்காமலேயாம்.)

பிரயோஜனத்தை யூனிக்ஸ் என்னும் மூத்த இயங்குதளத்திடம் கேளுங்கள். அதன் முதற்பதிப்புக் கெர்னலுக்கு 1972-ஆம் வருஷத்துக் காகித அச்சுப்படியே கதியாகிவிட, 2008-இல் ஆர்வலர் சிலர் அதன் ஸ்கேன் பிரதியிலிருந்து, ஒன்று என்னும் இலக்கத்துக்கும் எல் என்னும் ஆங்கில எழுத்துக்கும் பேதம் காண்கிற சிரமத்தையெல்லாம் பொறுமையாகச் சகித்து, வரிவரியாகப் பிழை நீக்கி, மறுபடி ஓடவைத்தார்கள். காந்த நாடா கைவிட்டதைக் காகிதம் காப்பாற்றியது.

ஆகையால், உங்கள் பரணில் பழைய ஃபிளாப்பி ஏதேனும் கிடந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் போடுமுன் ஒரு நகலெடுத்து வையுங்கள்.