அபிசீனியா வாத்தியார்

தெருவுக்கு ஒரு பர்மாக்காரர் வீடும் பேட்டைக்கு ஒரு சிங்கப்பூரார் வீடும் இருந்த நம் ஊர்களில், அந்த வரிசையில் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தவர் அபிசீனியா வாத்தியார். மற்றவர்கள் வியாபாரத்துக்கோ வட்டித் தொழிலுக்கோ கப்பலேறினார்கள், இவரோ பி.ஏ., பி.டி. என்ற இரண்டு பட்டங்களையும், ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புளியையும் மிளகாய் வற்றலையும் எடுத்துக்கொண்டு, அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பதற்காக ஆப்பிரிக்காவுக்குப் போனவர். 1936 முதல் 1941 வரை அபிசீனியாவை, அதாவது இன்றைய எத்தியோப்பியாவை, பிடித்து வைத்திருந்த இத்தாலியர்கள், அங்கே படித்திருந்த சொற்பப் பேரிலும் அநேகரைத் தேடித் தேடிக் கொன்றுவிட்டபடியால், ஹெயிலி செலாசி சக்கரவர்த்தி திரும்பிவந்து பள்ளிக்கூடங்களைத் திறந்தபோது, கட்டடம் எழும்பிற்று, பிள்ளைகள் வந்தார்கள், பாடம் சொல்ல ஆளில்லை. ஆகவே வேறு பல தேசத்தாரோடு இந்திய உபாத்தியாயர்களும் 1950, 1960களில் கூட்டங்கூட்டமாக அங்கே போனார்கள். மலையாளத்தார் அதிகம், நம்மவர்களும் இருந்தார்கள். நம் ஊர் மானேஜ்மெண்டுப் பள்ளிக்கூடங்கள் அந்நாளில் கொடுத்துவந்த சம்பளத்தை அறிந்தவர்கள் இந்தப் புறப்பாட்டுக்கு வேறு காரணம் தேடமாட்டார்கள்.

அந்நிய தேசத்துக்குப் போகிறவன் ஒன்று அந்தத் தேசத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்வான், அல்லது மாற்றிக்கொள்ள இயலாமல் அடுத்த கப்பலில் திரும்புவான் என்பது உலகத்தாரின் அபிப்பிராயம். நம் வாத்தியார் இந்த இரண்டையும் செய்வதில்லை. அந்த நாடு ஆதியில் கும்பகோணத்தைச் சேர்ந்ததுதான் என்றும், காலக்கிரமத்தில் கொஞ்சம் வழி பிசகிவிட்டது என்றும் தீர்மானித்து, பெரிய மனது பண்ணி அதை மன்னித்துவிடுகிறார். மன்னிப்பதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

முதலில் மன்னிக்கவேண்டியிருந்தது குளிரை. அடிஸ் அபாபா கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், அதாவது நம் உதகமண்டலத்தையும் சற்றுக் குனிந்து பார்க்கும் உயரத்தில் இருப்பதால், ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணி அரைக்கைச் சட்டையோடு இறங்கியவர், மறுநாளே மப்ளரும் குரங்குக் குல்லாயுமாக ஆகிவிட்டார். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும், அதனால் துவரம்பருப்பு எளிதில் வேகாது என்பதையும், வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப் படம் போட்டு அவர் தம் மனைவிக்கு விளக்கினார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, பருப்பு எப்போது வேகும்?” என்று கேட்டாள். பௌதிக சாஸ்திரத்தில் அதற்குப் பதில் இல்லை.

அடுத்தபடி கடிகாரம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும் அந்த நாட்டில், சூரியோதயத்திலிருந்து மணி எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. பள்ளிக்கூடச் சேவகன், “இரண்டு மணிக்கு வாருங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனதன் பேரில், நிதானமாகச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நின்றவரை, காலை எட்டு மணியிலிருந்து காத்திருந்த தலைமையாசிரியர் எப்படி வரவேற்றார் என்பதை வாத்தியார் சொல்வதில்லை. ஆனால் அன்று மாலையே அவருக்கு ஞானோதயம் ஆகிவிட்டது: உதயாதி நாழிகை! ஜாதகம் கணிக்கும் நம் பாட்டனார்களும் சூரியோதயத்திலிருந்துதானே எண்ணினார்கள்? அபிசீனியர்கள் நாழிகையை விட்டுவிட்டு மணியைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அன்றுமுதல் அந்தக் கடிகாரத்தின்மேல் அவருக்கு ஒரு பங்காளியின் உரிமை ஏற்பட்டுவிட்டது.

வகுப்பில் நடந்ததுதான் ரஸமான விஷயம். அந்த நாட்டார் ‘ஆம்’ என்பதற்கு வாய் திறந்து சொல்லவேண்டும் என்ற அவசியம் இல்லை. திடீரென்று மூச்சை உள்ளுக்கு இழுத்தால் போதும், சம்மதம் என்று அர்த்தம். வாத்தியார் பைதாகரஸ் தேற்றத்தை நிரூபித்து முடித்து, சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்து, “புரிந்ததா?” என்று கேட்டதும், முன் பெஞ்சில் இருந்த பையன் பாம்பைக் கண்டவன்போல மூச்சை இழுத்தான். என்னவோ விபரீதம் என்று பதறி, “காற்றுக்கு வழி விடுங்கள்! தண்ணீர் கொண்டுவாருங்கள்!” என்று அவர் கூவ, வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் சம்மதித்து மூச்சை இழுத்தது. பிறகு நிலைமை மாறிற்று. பையன்கள் கணக்கைப் போட்டுக் காட்டி, “சரியா?” என்று கேட்டால், நம்மவர் சரி என்பதற்கு அடையாளமாக நம் தேசாசாரப்படி தலையை இருபுறமும் ஆட்டுவார்; பையன்கள் தவறு என்று எண்ணி, சரியான விடையை அழித்துவிட்டு வேறு போடுவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் சரியான விடைகள் அழிக்கப்பட்ட அளவு வேறு எந்த வருஷமும் அழிக்கப்பட்டிராது என்பது என் எண்ணம்.

பெயர் விஷயத்தில்தான் அந்த நாடு நம்முடைய நாடேதான். குடும்பப் பெயர் என்று ஒன்று அவர்களுக்கும் கிடையாது. தன் பெயர், அதன் பின் தகப்பன் பெயர், அவ்வளவுதான். ஆனால் நாம் தகப்பனை முன்னே நிறுத்துகிறோம், அவர்கள் பின்னே நிறுத்துகிறார்கள். நம்மவர் பெயர் சுப்பிரமணியம், தகப்பனார் பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ராமசாமி சுப்பிரமணியம் என்று கண்டதும், சர்க்கார் குமாஸ்தா முதல் பால்காரப் பையன் வரை எல்லாரும் அவரை ‘அத்தோ ராமசாமி’, அதாவது ஸ்ரீமான் ராமசாமி, என்றே அழைக்கத் தொடங்கினார்கள். புருஷன் பெயரையே ஆயுளில் ஒரு தடவையும் உச்சரித்திராத அந்த அம்மாள், வாசலில் வந்து, “ராமசாமி இருக்கிறாரா?” என்று கேட்பவர்களுக்கு, மாமனார் காலமாகிவிட்டார் என்பதா, குளித்துக்கொண்டிருக்கிறார் என்பதா என்று விளங்காமல் தவித்ததைச் சொல்லி முடியாது.

ஆகாரத்தில் அவருக்கு அதிக சிரமம் இல்லை. புளித்த மாவை அகன்ற கல்லில் வார்த்து ஒரே பக்கம் வேகவைத்து எடுக்கும் இஞ்சிராவைப் பார்த்த மாத்திரத்தில், இது ஆப்பத்தின் சகோதரி என்று உறவு கொண்டாடிவிட்டார். புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன்னே 55 நாள் விரதம். எல்லாம் சேர்த்து வருஷத்தில் 180 நாளுக்கு மேல், வைதிகமான கிறிஸ்தவர்கள் இறைச்சியோ முட்டையோ தொடுவதில்லை. பாலும் விலக்கு என்பதுதான் ஒரு குறை. சைவ வயிற்றோடு போன நம்மவர் இந்த விரதப் பட்டியலைப் பாதிரியார்களைவிட நன்றாக மனப்பாடம் செய்து, விருந்துக்கு அழைப்பவர்களிடம் தாமே நாள் குறித்துக் கொடுத்துவந்தார்.

அப்படிக் குறித்துப் போன ஒரு விருந்தில்தான் குர்ஷா நேர்ந்தது. ஒரே தட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே, தம் பக்கத்து ஓரத்தை மனத்தால் வேலி போட்டுப் பிரித்துக்கொண்டு அவர் சகித்திருந்தார். அப்போது வீட்டுக்கார அம்மாள் இஞ்சிராவில் பருப்பைப் பொதிந்து, உருட்டி, தன் கையாலேயே அவர் வாயருகில் நீட்டினாள். விருந்தாளிக்கு ஊட்டிவிடுவது அங்கே அன்பின் உச்சம். மறுப்பது பெரிய அவமரியாதை. நாற்பது வருஷத்து ஆசாரம் ஒரு பக்கமும், ஒரு கவளம் மறு பக்கமுமாக நிற்க, வாத்தியார் கண்ணை மூடி வாயைத் திறந்தார். கடைசியாகத் தமக்கு இப்படி ஊட்டியது தம் பாட்டிதான் என்று பிறகு அவர் எழுதிய கடிதத்தில், எச்சில் என்ற பேச்சே இல்லை.

காபியை மட்டும் அவர் மன்னிக்கவில்லை. தரையில் பசும்புல் பரப்பி, எதிரிலேயே கொட்டையை வறுத்து, அந்தப் புகையை முகத்துக்கு நேரே விசிறி, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றுகிறார்கள். எல்லாம் சரி, பால் எங்கே? காபி பிறந்தது இந்த நாட்டில்தான், ஆனால் வளர்ந்து ஆளானது கும்பகோணத்தில் என்று சொல்லிவிட்டார்.

இனிப் பஞ்சாங்கம். அங்கே நம் இங்கிலீஷ் வருஷத்துக்கு ஏழெட்டு வருஷம் பிந்தி நடக்கிறது காலம். ஊரில் உள்ள கடன்காரர்களும் இந்தக் கணக்கையே அனுசரித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வாத்தியார் ஏங்குவதுண்டு. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் போக, மிச்சமுள்ள ஐந்து நாளை, சில வருஷங்களில் ஆறு நாளை, பகுமே என்று பதின்மூன்றாம் மாதமாக்கி வைத்திருக்கிறார்கள்; மாதச் சம்பளக்காரர்களுக்கு அந்த மாதத்தில் தனிச் சம்பளம் கிடையாது. கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா? நாள் என்றால் நாள்தான், வயிறு என்றால் வயிறுதான் என்று, தினச் சம்பளத்தை மூன்று தசம ஸ்தானம் வரை வகுத்து, ஆபீஸ் குமாஸ்தாவிடம் ஒரு மணி நேரம் வாதித்தார். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு வரிக்கும் மூச்சை உள்ளிழுத்துத் தம் பரிபூரண சம்மதத்தைத் தெரிவித்துக்கொண்டே இருந்தார். சம்பளம் வரவில்லை. வீட்டுக்கு வந்த வாத்தியார், “நம் சாந்திரமானத்திலும் அதிக மாதம் என்று ஒன்று வருகிறதே, அதற்கு எந்தச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது?” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். “மளிகைக் கடைக்காரனிடமும் இதையே சொல்லிவிட்டு வாருங்கள்” என்றாள் மனைவி.