ஆறு சீல், எழுபது ஹோஸ்

பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம்; "காரைக் கொஞ்சம் நகர்த்துங்களேன், என் வண்டியை வெளியே எடுக்கணும்" என்று மட்டும் கேட்கக் கூடாது. மனிதருக்கு முகம் விழுந்துவிடும். நகர்த்தவேண்டியது இரண்டு மீட்டர்தான். ஆனால் ஆறிக்கிடக்கும் எஞ்சினைக் கிளப்பி, இரண்டு மீட்டர் உருட்டி, உடனே அணைத்தால், உள்ளே பீய்ச்சிய பெட்ரோல் முழுதும் எரியாமல் தங்கிவிடும். அது உட்சுவரில் படிந்திருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். ஆயில் போனால் கம்ப்ரஷன் போச்சு. அடுத்த முறை சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அப்புறம் பானெட்டைத் திறந்து, இன்ஜெக்டருக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, தேங்கிய பெட்ரோல் வெளியேறும்வரை ஸ்டார்ட்டரைச் சுழலவிட வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று, விவரம் தெரிந்தவர் காரை எடுத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துவார்.

"எங்கே போய்ட்டு வர்றீங்க?"

"எங்கேயும் இல்லை. வண்டியை நகர்த்தினேன்."

இங்கே பேசப்படுவது மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7. ரசிகர்கள் வாயில் அது 'எஃப்டி'. 1991 கடைசியில் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் 1993 முதல் 1995 வரை மூன்று மாடல் ஆண்டுகள் மட்டும் விற்றது. 1.3 லிட்டர் எஞ்சின், இரண்டு டர்போ, அமெரிக்கக் கணக்கில் 255 குதிரைத்திறன், எடை 1,300 கிலோவுக்குள். உடம்பில் ஒரு நேர்கோடு கிடையாது. முப்பது வருஷம் கழித்துப் பார்த்தாலும் திரும்பிப் பார்க்கவைக்கும் கார். அன்றைய விலை சுமார் 32,000 டாலர். அதைக் கொடுத்ததோடு செலவு முடிந்தது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

இதில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோணம் போன்ற ரோட்டர் சுழலும். மொத்தம் இரண்டு ரோட்டர். ஒவ்வொன்றின் மூன்று முனையிலும் ஓர் 'ஏபெக்ஸ் சீல்'. 80 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள உலோகப் பட்டை அது. உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. இந்த ஆறு பட்டைகளை நம்பித்தான் முழுக் காரும் ஓடுகிறது. கலவை சரியில்லாமல் உள்ளே ஒரு வெடி தப்பாக வெடித்தால் பட்டை உடையும். உடைந்த துண்டு சும்மாவும் இருக்காது. எக்ஸாஸ்ட் வழியாக வெளியே கிளம்பி, போகிற போக்கில் டர்போவின் இறக்கைகளையும் பதம்பார்த்துவிட்டுப் போகும். உடைந்தது ஒன்று, பில் இரண்டு.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வான்கலிடம் டிரைவிங் லைசென்ஸே கிடையாது, அவ்வளவு கிட்டப்பார்வை. ஒருவகையில் கொடுத்துவைத்தவர். அவருடைய எஞ்சினோடு 1967-ல் வந்த என்எஸ்யூ ரோ 80 காருக்கு மறுவருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருது கிடைத்தது. வாரண்டியில் எஞ்சின் மாற்றிக்கொடுத்தே கம்பெனி நொடித்தது. ரோ 80 ஓட்டுபவர்கள் எதிரெதிரே வந்தால் கையசைக்கமாட்டார்களாம், விரல் காட்டுவார்களாம். மூன்று விரல் என்றால் மூன்றாவது எஞ்சின். அதே சமயம் ஹிரோஷிமாவில் மாஸ்டா கம்பெனி கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளரின்கீழ் 47 பேரை இதற்கென்றே உட்காரவைத்திருந்தது. சீல் உராய்ந்து கூட்டின் உட்சுவரில் விழுந்த வரிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பேயின் நகக்கீறல்'. கீறலைப் போக்கினார்கள், எஞ்சினைத் தேற்றினார்கள், 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே நான்கு ரோட்டர் எஞ்சினால் வென்றார்கள். அந்த எஞ்சினில் டர்போ இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் எஃப்டி விஷயத்தில் ஊரெல்லாம் பழி போடுவது ரோட்டரி எஞ்சின்மேல். பாதிப் பழி அநியாயம். இந்தக் காரின் உண்மையான வில்லன் சூடு. ரோட்டரி எஞ்சினின் புகை சாதாரணமாகவே பிஸ்டன் எஞ்சினின் புகையைவிடச் சூடு. அந்தப் புகை போகும் வழியில் இரண்டு டர்போவைத் தொங்கவிட்டு, அடுத்தாற்போல் ஒரு கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் வைத்து, எல்லாவற்றையும் தாழ்ந்த பானெட்டுக்குள் அடைத்தார்கள். பக்கத்திலேயே கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் சின்னத் தொட்டி ஒன்று. அதை எதில் செய்தார்கள்? பிளாஸ்டிக்கில். சில வருஷம் வெந்தபின் அதன் தையலில் கீறல் விடும், கூலன்ட் ஒழுகும், எஞ்சின் கொதிக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கருகும். வளையம் போனால் முழு எஞ்சினையும் பிரித்தே ஆகவேண்டும். அலுமினியத்தில் செய்த மாற்றுத் தொட்டி கடைகளில் கிடைக்கிறது. கார் வாங்கிய கையோடு அதை மாட்டாதவரைப் பழைய உரிமையாளர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

கொதிப்பதை டாஷ்போர்டு முள் சொல்லாதா? சொல்லும், எல்லாம் முடிந்த பிறகு. உஷ்ணம் நியாயமான அளவில் இருந்தாலும் சரி, கவலைப்படும் அளவுக்கு ஏறினாலும் சரி, முள் நட்டநடுவில் ஆடாமல் நிற்கும்படிதான் அதை அமைத்திருந்தார்கள். ஓட்டுபவர் வீணாகப் பயப்படக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கவேண்டும். முள் நகர்ந்தால் அது எச்சரிக்கை அல்ல, துக்கச் செய்தி. அதனால்தான் எஃப்டிக்காரர்கள் தண்ணீருக்கொரு மீட்டர், ஆயிலுக்கொரு மீட்டர், பூஸ்டுக்கொரு மீட்டர் என்று வாங்கி ஒட்டிவைத்து, சாலையைவிட அவற்றையே அதிகம் பார்க்கிறார்கள்.

ஆயில் கணக்கு தனி. சீல்கள் வறண்டுபோகாமல் இருக்க, ஒரு சின்ன பம்ப் எஞ்சின் ஆயிலையே எடுத்து உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். அது பெட்ரோலோடு எரிந்துபோகும். பழுதில்லை, வடிவமைப்பே அப்படி. மற்ற கார்க்காரர் ஆயில் குறைந்தால் மெக்கானிக்கைத் தேடுவார். இவர் ஆயில் குறையவில்லை என்றால் பதறுவார்.

டர்போ ஏற்பாட்டைக் காகிதத்தில் பார்த்தால் அழகு. குறைந்த வேகச் சுழற்சியில் முதல் டர்போ மட்டும் வேலைசெய்யும். சுமார் 4,500 ஆர்பிஎம்மில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றம் குலுங்காமல் நடக்க வால்வுகள், சாலினாய்டுகள், அவற்றை இணைக்கும் ஏறக்குறைய எழுபது வேக்கும் ஹோஸ். எல்லாம் பென்சில் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாய்கள். இன்டேக் மேனிஃபோல்டின் அடியில், மேலே சொன்ன அதே சூட்டில், அவை பின்னிக்கிடக்கும் இடத்துக்கு ஆங்கிலம் பேசும் மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'எலிக்கூடு'. வெந்து விறைத்த குழாயைத் தொட்டாலே முறியும். எழுபதில் ஒன்று முறிந்தாலும் இரண்டாவது டர்போ எழுந்திருக்காது. எது முறிந்தது என்று கண்டுபிடிக்க மேலே இருப்பதை எல்லாம் கழற்றவேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கென்றே சொல்லிவைத்தது. ஒன்றை மாற்றப் போனவர் எழுபதையும் சிலிக்கானில் மாற்றிவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம். பொறுமையிழந்த சிலர் அத்தனையையும் பிடுங்கிப் போட்டு, இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே ஓடும்படி செய்துவிடுகிறார்கள். கீழ்ச் சுழற்சியில் கார் கொஞ்சம் தூங்கும், உரிமையாளரும் தூங்குவார்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது இதைவிடச் சுவாரசியம். சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் இங்கே உதவாது. ஒரே ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி ஏமாற்றும். மூன்றையும் தனித்தனியே படிக்கும் ரோட்டரி மீட்டர் உள்ள ஆளைத் தேடிப் பிடிக்கவேண்டும். மற்ற கார்களின் விளம்பரத்தில் 'எஞ்சினில் கையே வைத்ததில்லை' என்பார்கள். எஃப்டி விளம்பரத்தில் 'எஞ்சின் புதிதாகப் பிரித்துக் கோர்த்தது' என்பதுதான் பெருமை. கேட்கவேண்டிய ஒரே கேள்வி: யார் கோர்த்தது? ரோட்டரி தெரிந்தவர் கோர்த்தால் கூலி ஆயிரக்கணக்கான டாலர்; தெரியாதவர் கோர்த்தால் அந்த ஆயிரங்கள் இரண்டு முறை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ரோட்டரியைத் தூக்கிவிட்டு, செவர்லே கார்வெட்டின் 5.7 லிட்டர் வி8 எஞ்சினை உள்ளே இறக்குவோர் அமெரிக்காவில் ஏராளம். அலுமினிய எஞ்சின் என்பதால் எடையும் பெரிதாகக் கூடாது. சாவியைத் திருகினால் கிளம்பும், இரண்டு மீட்டர் நகர்த்தி அணைத்தாலும் கோபிக்காது. நியாயமாகப் பார்த்தால் அதுதான் சரியான வைத்தியம். ஆனால் ரோட்டரிக்காரர்களின் கூட்டத்தில் அப்படிப்பட்ட காரின் பானெட்டைத் திறந்துகாட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஜப்பானில் வரிக்காரர்களும் தங்கள் பங்குக்குச் சேர்ந்துகொள்கிறார்கள். ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரையால் பெருக்கித்தான் வரி; 1,308 சிசி அங்கே 1,962 சிசி. பதின்மூன்று வயது தாண்டிய பெட்ரோல் கார் என்பதால் அதன்மேல் இன்னொரு உயர்வு. இரண்டு வருஷத்துக்கொரு முறை 'ஷாகென்' என்னும் கட்டாயச் சோதனை வேறு.

அப்படியும் விலை இறங்குகிறதா என்றால், இல்லை. உற்பத்தி 2002-ல் நின்றபோது கடைசியாக வந்த 'ஸ்பிரிட் ஆர்' வகையில் 1,500 கார்கள்தான் செய்தார்கள். இருபத்தைந்து வயது நிரம்பிய வெளிநாட்டுக் காரைத்தான் அமெரிக்கா தன் பாதுகாப்பு விதிகளைக் காட்டித் தடுக்காமல் உள்ளே விடும்; இவற்றுக்கு அந்த வயது நிரம்புவது 2027-ல். அங்கே காத்திருப்பவர்களில் சிலர் கார் வருவதற்கு முன்பே அலுமினியத் தொட்டியும் சிலிக்கான் ஹோஸ் கட்டும் வாங்கி அலமாரியில் வைத்திருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.