காமன் பாசேஜ் கமிஷனர்

மாம்பலத்திலோ திருவல்லிக்கேணியிலோ, தாத்தா கட்டிய வீட்டைப் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்ட மனைகளில், பக்கவாட்டில் நாலடி அகலத்துக்கு ஒரு சந்து ஓடும். பத்திரத்தில் அது பொது நடைபாதை. வாய்ப்பேச்சில் காமன் பாசேஜ். எல்லாருக்கும் அதில் பாத்தியம் உண்டு, ஒருவருக்கும் அதிகாரம் கிடையாது. அந்தக் குறையைப் போக்கத்தான் கமிஷனர் அவதரிக்கிறார்.

பெரும்பாலும் முன்வீட்டுக்காரர். பணி ஓய்வு பெற்றவர். ஆபீசில் கோப்புகளைத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவர் என்றால் கேட்கவே வேண்டாம். பாசேஜில் இவருடைய செருப்பு ஸ்டாண்டு, நாலைந்து பூந்தொட்டி, கிளம்பாத ஒரு ஸ்கூட்டர் எல்லாம் இருக்கும். கேட்டால், “தற்காலிகமா வெச்சிருக்கேன்” என்பார். ஸ்கூட்டர் தற்காலிகமாக நிற்க ஆரம்பித்தபோது எல்கேஜியில் சேர்ந்த பின்வீட்டுப் பையன் இப்போது என்ஜினியரிங் முடிக்கப்போகிறான்.

அந்தப் பையனுக்காகத்தான் ஃபைபர் இணைப்பு வருகிறது. லைன்மேன் ஏணியைச் சாய்த்து முதல் படியில் கால் வைக்கிறார். ஜன்னல் திறக்கிறது.

“தம்பி, யாரைக் கேட்டு ஏணி வெச்சே?”

“பின்வீட்டு மேடம் கனெக்‌ஷன் கேட்டிருக்காங்க சார்.”

“அவங்க கேட்டிருக்காங்க. நீ யாரைக் கேட்டே?”

இந்தக் கேள்விக்கு லைன்மேனின் பயிற்சியில் விடை கிடையாது.

கமிஷனர் உள்ளே போய்ப் பாகப் பத்திரத்தின் ஜெராக்ஸோடு வருகிறார். மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியது. “வழிநடைப் பாத்தியம்னு போட்டிருக்கு, ஜலதாரைப் பாத்தியம்னு போட்டிருக்கு. ஆள் நடக்கலாம், தண்ணி போகலாம். இன்டர்நெட் போகலாம்னு எங்கயாவது இருக்கா, காட்டு.” இல்லைதான். அந்தப் பத்திரம் எழுதிய நாளில் தெருவுக்கு ஒரு போன் இருந்திருந்தாலே அதிகம்.

அடுத்தது சட்டம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் முதன்முதலில் அமலான இடங்களில் சென்னை மாகாணமும் உண்டு. அதனாலோ என்னவோ, இவருக்கு அதன்மேல் ஊர்ப்பாசம். “இன்னிக்கு விட்டா 20 வருஷத்துல உரிமைன்னு வந்து நிப்பாங்க.” இருபது மாதம் கழித்து அதே கம்பெனியில் இருப்போமா என்று தெரியாத லைன்மேன் தலையைச் சொறிகிறார். உண்மையில் கமிஷனர் பயப்படவே வேண்டாம். அந்த உரிமை பிறக்க 20 ஆண்டு அமைதியாக, இடையூறில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். இவர் ஜன்னலோரம் இருக்கும்வரை அதற்கு வழியே இல்லை.

2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் தனியார் இடமென்றால் உரியவரைக் கேட்டு உடன்பாடு செய்துகொள்ளத்தான் சொல்கிறது. உரியவர்கள் நாலு பங்காளிகள், அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது, ஒருவர் நியூஜெர்சியில் என்றால் யாரைக் கேட்பது? டெல்லியில் அதை எழுதியவர்கள் மாம்பலம் பக்கம் வந்து பார்த்திருக்கலாம்.

சட்டம் தீர்ந்ததும் விஞ்ஞானம். “மழையில ஷாக் அடிச்சா யார் பொறுப்பு?” உள்ளே போவது தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, அதில் ஓடுவது வெளிச்சம், கரன்ட் இல்லை என்று பையன் விளக்குகிறான். “அப்ப இடி விழுந்தா?” இந்த ஒரு விஷயத்தில் மனிதரை முழுசாகத் தள்ளிவிட முடியாது. தொய்யாமல் இருக்க அந்தக் கேபிளில் பெரும்பாலும் ஓர் இரும்புக் கம்பியும் கூடவே வரும். பையன் அதைச் சொல்லவில்லை. புத்திசாலி.

கடைசியில் வேலையை முடிப்பது பின்வீட்டம்மாதான். “அண்ணா, உங்களைக் கேக்காம இங்க ஒரு ஆணி அடிப்போமா? நீங்களே நின்னு எப்படிப் போடணும்னு சொல்லிடுங்க.” இத்தனை நேரமும் பத்திரமும் சட்டமும் இடியும் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காக. கமிஷனர் சட்டை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்.

இறங்கிய பிறகுதான் லைன்மேனுக்கு நிஜமான சோதனை. வயர் குறுக்கே தொங்கக் கூடாது. சன்ஷேடைச் சுற்றி, மூலைக்கு மூலை ஸ்கேல் வைத்த மாதிரி மடிந்து போக வேண்டும். “சார், ஃபைபரை இப்படி மடிச்சா வெளிச்சம் வெளிய கசிஞ்சிடும்.” “கசிஞ்சா துடைச்சுக்கலாம். நீ மடி.” மடித்தார். மைனஸ் 20ஐ ஒட்டிக் காட்டவேண்டிய மீட்டர் மைனஸ் 30 காட்டியது. மோடத்தில் சிவப்பு விளக்கு. கமிஷனர் காபி குடிக்க உள்ளே போன இடைவெளியில் லைன்மேன் மூலைகளையெல்லாம் வளைவாக்கி கிளிப் அடித்தார். விளக்கு பச்சையானது. “பாத்தியா, நான் சொன்ன மாதிரி போட்டதும் வந்துடுச்சு” என்றார் திரும்பி வந்தவர்.

கதை இதோடு முடியாது. அடுத்த மாதம் மாடியில் குடிவந்தவர் வேறொரு கம்பெனியின் இணைப்பைக் கேட்கிறார். புது லைன்மேன், புது ஏணி, அதே ஜன்னல்.

“தம்பி, ஏணியை அந்தப் பக்கம் தள்ளு. அங்க நம்ம ஃபைபர் போகுது, தெரியல? சரி, யாரைக் கேட்டு வெச்சே?”